வீதியோரம் ஒருவரின் பணியிடம்: கவனச்சிதறலும் பொலிஸாரின் பணி ஆபத்தும்

மாலை வேளைகளில் 401 ஆம் இலக்க நெடுஞ்சாலையில் ஸ்காபரோவை நோக்கி வாகனம் செலுத்துவோர் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. வீதியின் ஓரத்தில் ஒரு கார் நிறுத்தப்பட்டிருக்கும். அதன் பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்குகள் ஒளிர, பொலிஸ் வாகனம் ஒன்று நிற்கும். காரின் சாளரத்தருகே குனிந்து நின்று ஓர் உத்தியோகத்தர் சாரதியுடன் பேசிக்கொண்டிருப்பார். அவருக்கு மிக அருகில், மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரைந்துகொண்டிருக்கும்.

இக்காட்சியைக் காணும் பலருக்கு முதலில் எழும் எண்ணம், “யாரோ அகப்பட்டுவிட்டார்” என்பதே. அங்கு நிற்கும் உத்தியோகத்தரின் பாதுகாப்பு, தம்மைக் கடந்து செல்லும் ஒவ்வொரு சாரதியின் கவனத்திலும் தங்கியுள்ளது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. கட்டட வேலை நடைபெறும் இடத்தைச் சுற்றி வேலி இடுகின்றனர். தொழிற்சாலை இயந்திரத்துக்குக் காப்பு மூடி பொருத்துகின்றனர். நெடுஞ்சாலையின் ஓரத்தில் பணிபுரியும் ஒருவருக்கு அத்தகைய வேலி எதுவுமில்லை. கடந்து செல்பவரின் கண்ணும் கருத்துமே அவருக்கு வேலி.

இப்பாடம் நான்கு விடயங்களை விளக்குகிறது: வீதியில் பணிபுரியும் பொலிஸாருக்கு நேரும் ஆபத்துகள், கவனச்சிதறல் எவ்வாறு நிகழ்கிறது என்பது, ஒன்ராறியோச் சட்டம் கூறுவன, நாமும் நம் குடும்பத்தினரும் கைக்கொள்ளவேண்டிய பழக்கங்கள். இறுதியில் மீட்டற் கேள்விகளும் விடைகளும் தரப்பட்டுள்ளன.

1. வீதியில் உயிர் துறந்தோர்

பொலிஸ் பணியின் ஆபத்து என்றதும் துப்பாக்கியும் கத்தியுமே பலரின் நினைவுக்கு வருகின்றன. ஒன்ராறியோவின் அண்மைக்கால வரலாற்றைப் பார்த்தால், வாகனமும் அவற்றுக்கு நிகரான ஆபத்தாக இருந்துள்ளமை புலப்படும்.

2000 ஆம் ஆண்டு ஜூன் மாதம், தென்மேற்கு ஒன்ராறியோவில் சாட்டம் நகருக்கு அருகே, ஒன்ராறியோ மாகாணப் பொலிஸைச் சேர்ந்த சார்ஜன்ட் மார்க் ஈவ் என்னும் பெண் உத்தியோகத்தரும் அவருடைய சகாக்கள் இருவரும் 401 ஆம் நெடுஞ்சாலையில் ஒரு வாகனத்தை மறித்து நிறுத்தியிருந்தனர். அப்போது பாரவூர்தி ஒன்று வந்து, வீதியோரத்தில் நின்றவற்றின் மீது மோதியது. சகாக்கள் இருவரும் படுகாயமுற்றனர். சார்ஜன்ட் ஈவ் இரு நாள்களின் பின்னர் உயிரிழந்தார். அவர்கள் அப்போது எவரையும் துரத்திக்கொண்டிருக்கவில்லை. நாள்தோறும் நூற்றுக்கணக்கான தடவை நிகழும் சாதாரண வீதிச் சோதனை ஒன்றிலேயே ஈடுபட்டிருந்தனர்.

2011 ஆம் ஆண்டு ரொறன்ரோப் பெரும்பாகத்துக்கு இரட்டை இழப்பைத் தந்தது. ஜனவரி 12 ஆம் திகதி விடியற்காலையில், திருடப்பட்ட பனி அகற்றும் வாகனம் ஒன்றை அவென்யூ வீதியில் தடுத்து நிறுத்த முயன்ற ரொறன்ரோப் பொலிஸ் சேவையின் சார்ஜன்ட் றையன் றசல் அதனால் மோதுண்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 35. அவருடைய மகனுக்கு வயது இரண்டு. அதே ஆண்டு ஜூன் 28 ஆம் திகதி, யோர்க் பிராந்தியத்தின் ஈஸ்ட் குவிலிம்பரியில் கொன்ஸ்டபிள் கரட் ஸ்டைல்ஸ் ஒரு சிற்றூந்தை நிறுத்தினார். அதைச் செலுத்தியவர் 15 வயதுச் சிறுவர். சிறுவர் திடீரென வாகனத்தை ஓட்டிச்செல்ல, உத்தியோகத்தர் அதனுடன் இழுபட்டார். கவிழ்ந்த வாகனத்தின் கீழ் அகப்பட்டார். அந்நிலையிலும் வாகனத்தினுள் இருந்த பிள்ளைகளுக்கு உதவி அனுப்புமாறு வானொலித் தொடர்பின் மூலம் அவர் கேட்டுக்கொண்டார். இறக்கும்போது அவருக்கு வயது 32. இரு சிறு பிள்ளைகளின் தந்தை.

இம்மூன்று நிகழ்வுகளின் காரணங்களும் வெவ்வேறானவை. அனைத்தையும் கவனச்சிதறல் என்ற ஒரே சொல்லுள் அடக்குதல் பொருந்தாது. எனினும் அவை மூன்றும் ஓர் உண்மையைக் காட்டுகின்றன. தம் வாகனத்தை விட்டு இறங்கி, மற்றொரு வாகனத்தின் அருகே நிற்கும் உத்தியோகத்தருக்கு உடலைக் காக்கும் கவசம் ஏதுமில்லை. துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் மேலங்கி, இரண்டாயிரம் கிலோகிராம் எடையுள்ள வாகனத்தைத் தடுக்காது.

ரொறன்ரோவின் குயின்ஸ் பார்க் பகுதியில், 2000 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஒன்ராறியோப் பொலிஸ் நினைவிடம் உள்ளது. கடமையின்போது உயிர்நீத்தோரின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. ஆண்டுதோறும் மே மாத முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே நினைவுநிகழ்வு நடைபெறுகிறது. பிள்ளைகளுடன் ஒருமுறை சென்று பார்க்கத் தக்க இடம் அது.

இவ்விழப்புகள் நம் சமூகத்துக்கு அயலானவையும் அல்ல. இலங்கைத் தமிழ்ப் பின்புலம் கொண்ட நிஷான் துரையப்பா 2019 இல் பீல் பிராந்தியப் பொலிஸ் சேவையின் தலைவராகப் பொறுப்பேற்றார். நம் பிள்ளைகள் பலர் இன்று பொலிஸ் உத்தியோகத்தர்களாகவும், அவசர மருத்துவ ஊழியர்களாகவும், தீயணைப்பு வீரர்களாகவும், இழுவை வண்டிச் சாரதிகளாகவும் வீதியோரங்களிற் பணிபுரிகின்றனர்.

2. கவனச்சிதறல் என்பது யாது?

வாகனம் செலுத்துவதற்கு மூன்று வேண்டும்: வீதியைப் பார்க்கும் கண், சுக்கானைப் பற்றும் கை, நிகழ்வதை உணர்ந்து முடிவெடுக்கும் மனம். இவற்றுள் ஏதேனும் ஒன்றை வேறொரு செயலுக்கு இரவல் கொடுப்பதே கவனச்சிதறல். தேநீர்க் குவளையை எடுப்பது கையை இரவல் கொடுப்பது. பின்னாசனத்தில் சண்டையிடும் பிள்ளைகளைத் திரும்பிப் பார்ப்பது கண்ணை இரவல் கொடுப்பது. வீட்டுக் கடனைப் பற்றித் தொலைபேசியில் வாதிடுவது மனத்தை இரவல் கொடுப்பது. கைத்தொலைபேசியிற் குறுஞ்செய்தி எழுதுபவரோ மூன்றையும் ஒரே நேரத்தில் இரவல் கொடுத்துவிடுகிறார்.

“ஒரு கணம்தான் பார்த்தேன்” என்பது நாம் வழமையாகச் சொல்லும் சமாதானம். அக்கணத்தைச் சற்று அளந்து பார்ப்போம். அமெரிக்காவின் வேர்ஜீனியாத் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து நிறுவனம் பாரவூர்திச் சாரதிகளை ஆராய்ந்து 2009 இல் வெளியிட்ட முடிவின்படி, குறுஞ்செய்தியில் ஈடுபட்டிருந்த சாரதியின் கண்கள் ஆறு விநாடி இடைவெளி ஒன்றில் சராசரியாக 4.6 விநாடிகள் வீதியை விட்டு விலகியிருந்தன.

இனி ஒரு சிறு கணக்கு. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வாகனம் ஒரு விநாடியில் ஏறக்குறைய 28 மீற்றர் கடக்கும். 4.6 விநாடிகளில் அது கடக்கும் தொலைவு ஏறத்தாழ 128 மீற்றர். கிரிக்கெட் ஆட்டத்தில் இரு விக்கெட்டுகளுக்கும் இடைப்பட்ட ஆடுகளத்தின் நீளம் 20 மீற்றருக்குச் சற்றே அதிகம். ஆகவே அச்சாரதி ஆறு ஆடுகளங்களின் நீளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததற்கு ஒப்பாகக் கடந்துவிடுகிறார்.

நகர வீதிகளிலும் நிலைமை பாதுகாப்பானதன்று. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் மூன்று விநாடிகளில் வாகனம் ஏறத்தாழ 42 மீற்றர் செல்லும். அது இரண்டு ஆடுகளங்களின் நீளம். மார்க்கம் வீதியிலோ எக்ளின்ரன் அவென்யூவிலோ ஒரு பேருந்துத் தரிப்பிடமும் பாதசாரிக் கடவையும் அத்தொலைவுக்குள் அடங்கிவிடலாம். வீதியோரத்தில் ஒளிரும் விளக்கைக் கண்டு, வேகத்தைக் குறைத்து, கண்ணாடியைப் பார்த்து, அடுத்த தடத்துக்கு மாறவேண்டிய நேரமும் அதே மூன்று விநாடிகள்தாம்.

கைகளால் தொடாமற் பேசினால் ஆபத்தில்லை என்று எண்ணுவோரும் உளர். சட்டம் அதனை அனுமதிக்கிறது. ஆயினும் மனம் அதில் ஈடுபடவே செய்கிறது. யூற்றா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துள்ளனர். உரையாடலில் ஆழ்ந்திருக்கும் சாரதி ஒரு பொருளை நேராக நோக்கியிருந்தும் அதனைக் காணத் தவறக்கூடும் என்பது அவர்களுடைய முக்கியமான கண்டுபிடிப்பு. அமெரிக்க வாகனச் சங்கத்தின் பாதுகாப்பு நிதியத்துக்காக அவர்கள் 2015 இல் வெளியிட்ட ஆய்வு மற்றொன்றையும் கூறியது. வாகனத்திலுள்ள கருவிக்குக் குரற்கட்டளை கொடுத்து முடித்த பின்னரும், சாரதியின் கவனம் முழுமையாக மீள்வதற்கு 27 விநாடிகள் வரை செல்லக்கூடும். அழைப்பு முடிந்துவிட்டது என்பதனால் மனமும் வீதிக்குத் திரும்பிவிட்டது என்று கொள்ளலாகாது.

கவனச்சிதறலால் நேரும் மோதல்களில் இம்மாகாணத்தில் சராசரியாக அரை மணி நேரத்துக்கு ஒருவர் காயமடைகிறார் என ஒன்ராறியோப் போக்குவரத்து அமைச்சு அறிவித்துள்ளது.

3. சட்டம் கூறுவது

ஒன்ராறியோவில், வாகனம் செலுத்தும்போது கையிற் பிடித்துப் பயன்படுத்தும் தொடர்பாடற் கருவிகளுக்கு 2009 ஆம் ஆண்டு அக்டோபர் 26 முதல் தடை உள்ளது. தண்டனைகள் 2015 இலும், பின்னர் 2019 ஜனவரி 1 இலும் கடுமையாக்கப்பட்டன.

தடை செய்யப்பட்டவை:

• கைத்தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுதல், எழுதுதல், வாசித்தல், இலக்கம் அழுத்துதல்.
• சிவப்பு விளக்கில் நிற்கும்போது கைத்தொலைபேசியைக் கையில் எடுத்தல்.
• வாகனம் செலுத்துவதோடு தொடர்பற்ற திரைகளைப் பார்த்தல். சாரதியின் கண்ணுக்குத் தெரியுமாறு ஓடும் திரைப்படமும் இதில் அடங்கும்.

அனுமதிக்கப்பட்டவை:

• புளூடூத் அல்லது காதுக்கருவி மூலம், கருவியைக் கையிற் பிடிக்காமற் பேசுதல்.
• அசையாதவாறு பொருத்தப்பட்ட ஜி.பி.எஸ். கருவியைப் பார்த்தல். செல்லவேண்டிய இடத்தைப் புறப்படுமுன் பதிவு செய்துகொள்க.
• அவசரநிலையில் 911 ஐ அழைத்தல்.
• போக்குவரத்துக்கு இடையூறின்றி, சட்டப்படி அனுமதிக்கப்பட்ட இடத்தில் வாகனத்தை நிறுத்திய பின்னர் பயன்படுத்துதல்.

“கையில் எடுத்தேன், ஆனால் பேசவில்லை” என்ற விளக்கம் சட்டத்தின் முன் நில்லாது. இதனை ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2013 இல் ஒரு வழக்கில் தெளிவுபடுத்தியது. பிறேக் பிடித்தபோது ஆசனத்திலிருந்து கீழே விழுந்த கைத்தொலைபேசியை, சிவப்பு விளக்கில் நின்ற ஒரு பெண் சாரதி குனிந்து எடுத்தார். அதனை ஓர் உத்தியோகத்தர் கண்டார். எவ்வளவு குறுகிய நேரமாயினும் கையிற் பிடித்திருத்தலே குற்றமாவதற்குப் போதுமானது என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே கைத்தொலைபேசி விழுந்தால், அது விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும்.

“பொலிஸார் மட்டும் தம் வாகனத்தில் கருவிகளைப் பயன்படுத்தலாமோ?” என்று சிலர் வினவுவர். பொலிஸ், தீயணைப்பு, அவசர மருத்துவ சேவைகளைச் சேர்ந்தோர் தம் கடமையை ஆற்றும்போது இத்தடையிலிருந்து சட்டப்படி விலக்குப் பெறுகின்றனர். அழைப்பு வந்த முகவரியும் சந்தேகநபரின் விபரமும் அவர்களுக்கு அக்கருவிகள் மூலமே கிடைக்கின்றன. விலக்கு இருப்பதனால் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. அதுவும் அவர்கள் சுமக்கும் பணி ஆபத்துகளுள் ஒன்றே.

4. தண்டனைகள்

முழு அனுமதிப் பத்திரம் உடைய சாரதிகளுக்கு:

• முதற் குற்றத் தீர்ப்பு: 1,000 டொலர் வரை தண்டப்பணம், 3 டிமெரிட் புள்ளிகள், 3 நாள்களுக்கு அனுமதிப் பத்திர இடைநிறுத்தம். நீதிமன்றம் செல்லாது தீர்த்துக்கொண்டால் தண்டப்பணம் 615 டொலர்.
• இரண்டாவது: 2,000 டொலர் வரை தண்டப்பணம், 6 புள்ளிகள், 7 நாள் இடைநிறுத்தம்.
• மூன்றாவதும் அதற்கு மேலும்: 3,000 டொலர் வரை தண்டப்பணம், 6 புள்ளிகள், 30 நாள் இடைநிறுத்தம்.

ஜி1, ஜி2, எம்1, எம்2 அனுமதிப் பத்திரம் உடைய புதிய சாரதிகளுக்குத் தண்டப்பணம் அதே அளவினது. புள்ளிகளுக்குப் பதிலாக இடைநிறுத்தம் நீளும்: முதல் முறை 30 நாள், இரண்டாம் முறை 90 நாள். மூன்றாம் முறை அனுமதிப் பத்திரமே இரத்தாகும். அவர்கள் தொடக்கத்திலிருந்து மீண்டும் தேர்வுகளை எழுதிச் சித்தியடைதல் வேண்டும்.

டிமெரிட் புள்ளிகள் குற்றம் நிகழ்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் பதிவில் இருக்கும். முழு அனுமதிப் பத்திரம் உடையவர் 15 புள்ளிகளை எட்டினால் 30 நாள்களுக்கு வாகனம் செலுத்தும் உரிமையை இழப்பார். காப்புறுதிக் கட்டணம் உயர்வது வேறு.

கையிற் கருவி இல்லாவிட்டாலும், உணவு உண்ணுதல், ஒப்பனை செய்தல் போன்றவற்றால் வாகனம் தடுமாறினால், கவனயீனமாக வாகனம் செலுத்திய குற்றம் சாட்டப்படலாம். அதற்கு 400 முதல் 2,000 டொலர் வரை தண்டப்பணமும், 6 புள்ளிகளும், ஆறு மாதம் வரை சிறையும், இரண்டு ஆண்டுகள் வரை இடைநிறுத்தமும் விதிக்கப்படலாம். அக்கவனயீனத்தால் ஒருவர் காயமுற்றாலோ இறந்தாலோ, 2018 செப்டம்பர் முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி தண்டப்பணம் 2,000 முதல் 50,000 டொலர் வரையாகும். சிறை இரண்டு ஆண்டுகள் வரையும், இடைநிறுத்தம் ஐந்து ஆண்டுகள் வரையும் நீளலாம்.

5. ஒளிரும் விளக்கைக் கண்டால்

வேகத்தைக் குறைத்து விலகிச் செல்லவேண்டும் என்ற சட்டம் ஒன்ராறியோவில் 2003 இல் வந்தது. 2015 இல் இழுவை வண்டிகளும் அதில் சேர்க்கப்பட்டன. நம்மிற் பலர் அறியாத சட்டங்களுள் இதுவும் ஒன்று. நீங்கள் செல்லும் பக்கத்தில், பொலிஸ் வாகனமோ, தீயணைப்பு வாகனமோ, அம்புலன்ஸோ, இழுவை வண்டியோ விளக்குகள் ஒளிர நின்றுகொண்டிருந்தால் பின்வருமாறு செய்க.

முதலாவது: வேகத்தைக் குறைத்து எச்சரிக்கையுடன் செல்லுங்கள். திடீரென பிறேக் பிடித்தல் பின்னால் வருபவருக்கு ஆபத்து. தொலைவிலேயே விளக்கைக் கண்டவர் படிப்படியாக வேகத்தைக் குறைக்கலாம். கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அத்தொலைவு கிடைப்பதில்லை.

இரண்டாவது: உங்கள் பக்கத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தடங்கள் இருந்தால், சமிக்ஞை காட்டி, கண்ணாடியையும் பக்கவாட்டையும் பார்த்து, பாதுகாப்பாயின் அடுத்த தடத்துக்கு மாறுங்கள். நிற்கும் வாகனத்துக்கும் உங்களுக்கும் இடையில் ஒரு தடம் வெறுமையாக இருத்தல் வேண்டும்.

மூன்றாவது: தடம் மாற இயலாதாயின், குறைந்த வேகத்தில் இயன்றவரை விலகிச் செல்லுங்கள். வேடிக்கை பார்க்கவோ படம் பிடிக்கவோ முயலாதீர்கள்.

இவ்விதியை மீறினால் முதல் முறை 400 முதல் 2,000 டொலர் வரை தண்டப்பணமும் 3 புள்ளிகளும் உண்டு. ஐந்து ஆண்டுகளுக்குள் மீண்டும் மீறினால் தண்டப்பணம் 1,000 முதல் 4,000 டொலர் வரை. ஆறு மாதம் வரை சிறையும், இரண்டு ஆண்டுகள் வரை இடைநிறுத்தமும் விதிக்கப்படக்கூடும்.

அவசர வாகனம் ஒன்று ஒலியும் ஒளியும் எழுப்பியவாறு உங்களை நோக்கி வந்தால், அது எத்திசையிலிருந்து வந்தாலும், வலப்புற ஓரமாக ஒதுங்கி நின்றுவிடுங்கள். சந்தியின் நடுவே நிற்றலாகாது. நெடுஞ்சாலைகளில், தடங்களுக்கு வெளியே உள்ள ஓரப் பகுதியை அடைத்துக்கொண்டு நில்லாதீர்கள். அவசர வாகனங்கள் அவ்வழியாகச் செல்லக்கூடும். ஒலியெழுப்பிச் செல்லும் தீயணைப்பு வாகனத்தையோ அம்புலன்ஸையோ 150 மீற்றருக்குள் பின்தொடர்தல் சட்டவிரோதம்.

6. உங்களையே பொலிஸார் நிறுத்தினால்

தாயகத்தில் வாகனம் ஓட்டிப் பழகியவர்கள் கவனிக்கவேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. அங்கே பொலிஸார் மறித்தால், சாரதி இறங்கி, ஆவணங்களுடன் உத்தியோகத்தர் நிற்கும் இடத்துக்குச் செல்வது வழக்கம். அது மரியாதையாகவும் கொள்ளப்படும். இங்கே அதே செயல் ஆபத்தானது. வீதியில் இறங்கியவர் பின்னால் வரும் வாகனத்தில் மோதுண்ணலாம். தம்மை நோக்கி விரைந்து வருபவரின் நோக்கம் யாது என்பது உத்தியோகத்தருக்கும் தெரியாது.

போர்க்காலச் சோதனைச் சாவடிகளைக் கடந்து வந்த மூத்தோர்க்குச் சீருடையைக் கண்டதும் நெஞ்சு படபடப்பது இயல்பு. அப்படபடப்பில் கைப்பையைத் துழாவுவதும், கீழே குனிவதும், உறவினரை அழைக்கக் கைத்தொலைபேசியை எடுப்பதும் நிகழ்கின்றன. அவ்வச்சத்தைக் குறைகூறுதல் தகாது. முன்கூட்டியே முறையை அறிந்திருந்தால் அது தணியும்.

• சமிக்ஞை காட்டி, வலப்புறமாக ஒதுங்கி, போக்குவரத்திலிருந்து இயன்றளவு விலகி நிறுத்துங்கள். உங்கள் வாகனம் விலகி நிற்குமளவுக்கு உத்தியோகத்தர் நிற்கும் இடமும் பாதுகாப்பாகும்.
• வாகனத்தினுள்ளேயே இருங்கள். ஆசனப்பட்டியைக் கழற்றவேண்டாம். இரு கைகளும் சுக்கான் மீது தெரியும்படி இருக்கட்டும். இரவாயின் உள்விளக்கை ஏற்றுங்கள்.
• சாரதி அனுமதிப் பத்திரம், வாகனப் பதிவு, காப்புறுதி அட்டை ஆகியவற்றைக் கேட்டதும் கொடுங்கள். எங்கிருந்து எடுக்கப்போகிறீர்கள் என்பதை முதலிற் சொல்லிவிட்டு எடுங்கள். காப்புறுதி அட்டை கைத்தொலைபேசியில் இருப்பினும் இம்முறையையே பின்பற்றுங்கள்.
• நிறுத்தியதற்கான காரணத்தைப் பணிவுடன் கேட்கலாம்.

வழக்கை வீதியோரத்தில் வாதிட்டுத் தீர்க்க முடியாது. வாதம் நீளும் ஒவ்வொரு நிமிடமும் உத்தியோகத்தரும் நீங்களும் விரையும் வாகனங்களின் அருகே கழிக்கும் நிமிடமாகும். குற்றப்பத்திரத்தை ஏற்காதவருக்கு வேறு வழிகள் உண்டு. அது கிடைத்த 15 நாள்களுக்குள் தண்டப்பணம் செலுத்தலாம்; வழக்குத் தொடுநருடன் முன்கூட்டிய சந்திப்பைக் கோரலாம்; அல்லது விசாரணையைக் கோரலாம். விசாரணைக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்டுப் பெறலாம். உத்தியோகத்தரின் நடத்தை பற்றிய முறைப்பாடுகளை, பொலிஸாரிடமிருந்து வேறான மாகாண அமைப்பாகிய சட்ட அமுலாக்க முறைப்பாட்டு முகவரகம் ஏற்கிறது. பொலிஸாரின் பாதுகாப்பைப் பேணுதலும் நம் உரிமையைப் பேணுதலும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

7. நம் வீடுகளிற் பழகவேண்டியவை

கவனச்சிதறலுக்குச் சாரதி மட்டும் பொறுப்பாளி அல்லர், அழைப்பவருக்கும் பங்குண்டு. நம் குடும்பங்கள் பல நாடுகளிற் பரந்து வாழ்கின்றன. யாழ்ப்பாணத்தில் மாலையில் அம்மா பேச விரும்பும் நேரம், இங்கே மகன் காலையில் வேலைக்கு விரையும் நேரம். இலண்டனிலிருந்து அக்கா ஓய்வாக அழைக்கும் நேரம், இங்கே பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து ஏற்றிவரும் நேரம். அழைப்பை எடுக்காவிட்டால் மனம் நோகுமே என்ற அன்பினாலேயே பலர் கைத்தொலைபேசியைக் கையில் எடுக்கின்றனர். ஆகவே குடும்பமாக இருந்து சில ஒழுங்குகளை வகுத்துக்கொள்வது நன்று.

• அழைப்பவர் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி: “இப்போது வாகனம் ஓட்டுகிறாயா?” ஆமென்றால், “பிறகு பேசுவோம்” என்று உடனே வைத்துவிடுக.
• உறவுகள் அழைப்பதற்குப் பொருத்தமான நேரத்தை முன்கூட்டியே சொல்லிவைத்து, அந்நேரத்தில் நீங்களே அழையுங்கள்.
• வாகனம் செலுத்தும்போது வட்ஸ்அப் ஒலிகளை நிறுத்திவைக்கும் வசதி பெரும்பாலான கைத்தொலைபேசிகளில் உண்டு. அதனை இயக்கிவிடுங்கள், கைத்தொலைபேசியைக் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள்.
• கலியாண வீட்டுக்கோ கோயிலுக்கோ செல்லும்போது வழியைப் பார்க்கவும், 911 அழைக்கவும், பிள்ளைகளைக் கவனிக்கவும் பயணிகளுள் ஒருவர் பொறுப்பேற்கட்டும்.
• உணவு விநியோகம், வாடகைக் கார், பாரவூர்தி ஓட்டம் ஆகிய தொழில்களில் உள்ளோர், அடுத்த வேலைக்கான அழைப்பை நிறுத்திய பின்னரே ஏற்பதை வழக்கமாக்குக. ஓர் ஓட்டத்தின் வருவாயைவிட மூன்று நாள் இடைநிறுத்தத்தால் நேரும் இழப்பு மிகப் பெரிது.
• பிள்ளைகள் பின்னாசனத்திலிருந்தே வாகனம் ஓட்டக் கற்கத் தொடங்குகின்றனர். பத்தாண்டுகள் பெற்றோர் செய்ததையே ஜி2 பெற்ற பிள்ளையும் செய்யும்.

8. மீட்டற் கேள்விகள்

குடும்பமாக அமர்ந்து, விடையைப் பாராமல் முதலிற் கலந்துரையாடுங்கள்.

கேள்வி 1: ஸ்காபரோவின் கிங்ஸ்ரன் வீதியில் சிவப்பு விளக்கில் நிற்கிறீர்கள். செய்தி வந்த ஒலி கேட்கிறது. எடுத்துப் பார்க்கலாமா?
விடை: இல்லை. சிவப்பு விளக்கில் நின்றாலும் நீங்கள் வாகனம் செலுத்துபவரே.

கேள்வி 2: மூன்று தடங்களுள்ள நெடுஞ்சாலையில் வலப்புறத் தடத்திற் செல்கிறீர்கள். ஓரத்தில் இழுவை வண்டி ஒன்று விளக்குகள் ஒளிர நிற்கிறது. பொலிஸ் வாகனம் எதுவும் இல்லை. என்ன செய்வீர்கள்?
விடை: வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பாயின் நடுத்தடத்துக்கு மாறவேண்டும். இழுவை வண்டிக்கும் அதே சட்டமே.

கேள்வி 3: கைத்தொலைபேசியைப் பயன்படுத்திய சாரதி ஒருவரை உத்தியோகத்தர் நெடுஞ்சாலையில் நிறுத்துகிறார். அச்சாரதியின் செயலால் எத்தனை பேர் ஆபத்துக்குள்ளாகின்றனர்?
விடை: இதற்கு ஓர் எண்ணை விடையாகக் கூற முடியாது. அச்சாரதியின் செயலால் உத்தியோகத்தர் வீதியோரத்தில் இறங்கி நிற்க நேர்ந்தது. இனி அவ்வழியே வரும் ஒவ்வொரு சாரதியும் கவனமாக இருந்தாலன்றி அவர் பாதுகாப்பாகத் தம் வாகனத்துக்குத் திரும்ப இயலாது. அடுத்து வருபவரும் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு வந்தால், முதற் சாரதி, அவருடைய பயணிகள், உத்தியோகத்தர், மோதியவர் ஆகிய அனைவரும் பாதிக்கப்படுவர்.

நிறைவாக

வீதியோரத்தில் நிற்கும் உத்தியோகத்தரை நாம் அறியோம். அவரும் நம்மை அறியார். அவருடைய வீட்டிலும் கதவு திறக்கும் ஓசைக்காகக் காத்திருப்போர் உளர். அவர்கள் நம்மிடம் வேண்டுவது பெரிய தியாகம் எதுவுமன்று. சில விநாடிகள் வீதியை நோக்கியிருத்தலும், ஒரு தடம் விலகிச் செல்லுதலுமே.

அவசர உதவிக்கு 911 ஐ அழையுங்கள். அவசரமற்ற விடயங்களுக்கு ரொறன்ரோப் பொலிஸ் சேவையை 416-808-2222 என்ற இலக்கத்தில் தொடர்புகொள்ளலாம். வீதிப் பழுது, போக்குவரத்து விளக்குப் பழுது முதலிய மாநகர சேவைகளுக்கு 311 ஐ அழையுங்கள். இவ்வழைப்புகளையும் வாகனத்தை நிறுத்திய பின்னரே மேற்கொள்ளுங்கள். பயணி ஒருவர் உடனிருந்தால் அவரே அழைக்கட்டும்.